எல்லைக்கோடும் வாக்கின் எடையும்

தேர்தல் நாளன்று பள்ளிக்கூடங்கள் வாக்களிப்பு மையங்களாகின்றன. முன்தினம் வரை வாய்ப்பாடும் செய்யுளும் ஒலித்த வகுப்பறையில் வாக்குப்பெட்டி வந்து அமர்கிறது. கிள்ளானை ஒட்டிய கோத்தா ராஜா தொகுதியில் வாக்களிக்கும் மூதாட்டியும், சிலாங்கூரின் வடகோடியான சபாக் பெர்ணத்தில் வாக்களிக்கும் உழவரும் ஒரே வகையான தாளைப் பெறுகின்றனர். ஒரே வகையான குறியை இடுகின்றனர். ஒரே மையை விரலில் ஏற்று வெளியேறுகின்றனர். ஆயினும் அவ்விரு வாக்குகளின் எடை ஒன்றன்று. 2022ஆம் ஆண்டு நவம்பரில் நடைபெற்ற 15ஆவது பொதுத் தேர்தலில் கோத்தா ராஜாவின் வாக்காளர் 244,712 பேர். சபாக் பெர்ணத்தின் வாக்காளரோ ஏறத்தாழ 52 ஆயிரம் பேர். இரு தொகுதிகளுக்கும் ஆளுக்கோர் உறுப்பினரே. சபாக் பெர்ணத்தில் ஒருவர் இடும் வாக்கிற்கு ஈடு செய்யக் கோத்தா ராஜாவில் ஏறக்குறைய ஐவர் வரிசையில் நிற்க வேண்டும்.

இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது? நாட்டு வரைபடத்தின்மேல் வரையப்படும் தொகுதி எல்லைக்கோடே இதன் காரணம். ஆறும் மலையும் இயற்கை வகுத்த எல்லைகள். தொகுதி எல்லையோ மனிதர் மேசைமேல் வைத்து வரைவது. வரைபவர் யார், எவ்விதியின்படி வரைகிறார், தவறினால் தட்டிக் கேட்பவர் யார் என்னும் மூன்று வினாக்களே தொகுதிச் சீரமைப்பு வரலாற்றின் சாரம் எனலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழர்க்கு அவ்வரலாறு அயலார் கதையன்று.

விடுதலைக்கு முன்னும் பின்னும்

மக்களாட்சி தழைத்த நாடுகளும் இச்சிக்கலினின்று தப்பியதில்லை. இங்கிலாந்தில் ஓல்டு சாரம் என்னும் இடத்தில் குடியிருப்போரே இல்லாது ஒழிந்த பின்னரும், 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் வரும் வரை அதன் பெயரால் இரண்டு உறுப்பினர் நாடாளுமன்றம் சென்றனர். அமெரிக்காவில் மாசசூசெட்சு மாநில ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி 1812இல் ஒப்பமிட்ட தொகுதிப் பிரிப்பு, தம் கட்சிக்கு ஏற்ப வளைந்து நெளிந்து பல்லியை ஒத்த உருவம் பெற்றிருந்தது. அவர் பெயரே அம்முறைகேட்டுக்குரிய பெயராக இன்றளவும் நிலைத்துவிட்டது.

மலாயாவில் முதல் கூட்டரசுப் பொதுத் தேர்தல் 1955இல் நடைபெற்றது. அதற்கு முன்னோடியாக 1954இல் மெர்தர் பிரபு தலைமையிலான ஆணையம் நாட்டை 52 தொகுதிகளாகப் பிரித்தது. நாட்டுப்புறத் தொகுதிகள் பரந்து கிடப்பவை. வேட்பாளரும் வாக்காளரும் ஒருவரையொருவர் எட்டுதல் அரிது. ஆதலால் நகரத் தொகுதியின் பாதியளவு மக்கள் இருப்பினும் நாட்டுப்புறத்திற்கு ஓர் உறுப்பினர் அமையலாம் என்னும் கொள்கை அப்போதே நுழைந்தது. அத்தேர்தலில் இந்தியர் எத்துணைப் பேர் வாக்குரிமை பெற்றிருந்தனர்? வாக்காளர் 100 பேரில் இந்தியர் ஐவர்கூட இலர். பால்மரக் காட்டிலும் இருப்புப் பாதையிலும் உழைத்தோர் ஆயிரக்கணக்கில் இருந்தும், குடியுரிமை இன்மையால் அவர்தம் பெயர் பட்டியலில் ஏறவில்லை.

1956ஆம் ஆண்டு அமைந்த ரீட் ஆணையம் விடுதலை மலாயாவின் அரசியலமைப்பை வரைந்தது. இங்கிலாந்தின் நீதிபதி ரீட் பிரபு தலைமையேற்க, ஐவர் ஜென்னிங்ஸ், ஆஸ்திரேலியாவின் வில்லியம் மெக்கெல், இந்தியாவின் மாலிக், பாகிஸ்தானின் அப்துல் ஹமீது ஆகியோர் உறுப்பினராயிருந்தனர். தொகுதிகளின் வாக்காளர் தொகை சராசரிக்கு மேலோ கீழோ நூற்றுக்குப் பதினைந்துக்கு மிகலாகாது என்னும் வரம்பு அரசியலமைப்பில் இடம்பெற்றது. எல்லை வகுக்கும் பொறுப்பு 1957 செப்டம்பரில் தோன்றிய தேர்தல் ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கோடு வரையும் கை, அக்கோட்டால் வெல்லவோ தோற்கவோ இருப்பவரின் கையாக இருத்தலாகாது என்பதே அவ்வேற்பாட்டின் உட்கருத்து.

அவ்வேற்பாடு ஐந்தாண்டும் நிலைக்கவில்லை. 1959 தேர்தலுக்கு மட்டும் பழைய 52 தொகுதிகளையும் இரண்டிரண்டாகப் பிளந்து 104 ஆக்கினர். பின்னர் 1960இல் ஆணையம் அரசியலமைப்பின் வரம்பைப் பின்பற்றி 100 தொகுதிகளை வகுத்து அறிக்கை அளித்தது. அவ்வறிக்கை செயலுக்கு வந்திருப்பின் நகரத்தார் வாக்கும் நாட்டுப்புறத்தார் வாக்கும் ஏறத்தாழச் சம எடை பெற்றிருக்கும். 1962ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் அவ்வறிக்கையை இல்லாததாக்கியது. பதினைந்து விழுக்காட்டு வரம்பு நீங்கியது. நகரத் தொகுதியின் பாதியளவுக்கும் நாட்டுப்புறத் தொகுதி இறங்கலாம் என்றாயிற்று. இறுதி முடிவு ஆணையத்திடமிருந்து நாடாளுமன்றத்திற்கு மாறியது. 1973ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பாதி என்னும் அடித்தளத்தையும் அகற்றிவிட்டது. அதன்பின் எத்துணை மடங்கு வேறுபாடு ஏற்கத்தக்கது என்பதற்கு அரசியலமைப்பில் எண்ணால் அமைந்த வரம்பே இல்லை.

1962ஆம் ஆண்டை வரலாற்று மாணவர் மற்றொரு வகையிலும் நினைவிற் கொள்ளலாம். அதே ஆண்டில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தொகுதிப் பிரிவினை பற்றிய முறையீட்டை நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று பேக்கர் எதிர் கார் வழக்கில் தீர்ப்பளித்தது. இரண்டாண்டுக்குப் பின், மாநிலச் சட்டமன்றத் தொகுதிகள் மக்கள்தொகையில் ஏறத்தாழச் சமமாயிருத்தல் வேண்டும் என்றும் அது கூறிற்று. ஒரு நாட்டில் வாயில் திறந்த ஆண்டில் மற்றொரு நாட்டில் வாயில் சாத்தப்பட்டது.

தோட்டம் நகரமான கதை

நாட்டுப்புறத்திற்குச் சற்று மிகுதியான எடை தருதல் அறவே தவறு என்று கூறுதற்கில்லை. சாலையற்ற உட்பகுதியில் படகேறிப் பல நாள் செல்ல வேண்டிய தொகுதியின் உறுப்பினர்க்கும், ஒரு மணி நேரத்தில் சுற்றி வரத்தக்க நகரத் தொகுதியின் உறுப்பினர்க்கும் பணி ஒன்றாகாது. தோட்டப்புறத் தமிழரும் ஒரு காலத்தில் நாட்டுப்புறத்தாராகவே வாழ்ந்தனர். சிக்கல் எங்கு எழுகிறது என்றால், மக்கள் இடம்பெயர்ந்த பின்னரும் கோடு இடம்பெயராதபோது எழுகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கே அதற்குச் சான்று. இன்று பெட்டாலிங் ஜெயா என்று அழைக்கப்படும் மாநகரம் 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹம் இரப்பர்த் தோட்டத்து நிலத்தில் எழுந்தது. சுபாங் ஜெயா 1970களில் சீஃபீல்டு தோட்டத்தில் எழுந்தது. 1978இல் சிலாங்கூரின் தலைநகராக அறிவிக்கப்பட்ட ஷா ஆலமும் தோட்ட நிலத்திலேயே உருவாயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் விற்கப்பட்டபோதும் லயத்து வீடுகளை விட்டு வெளியேறிய குடும்பங்கள் கிள்ளானிலும் காப்பாரிலும் பூச்சோங்கிலும் குடியேறின. குடியுரிமை பெற்று, வாக்குரிமை பெற்று, பட்டியலில் பெயர் ஏறிய தலைமுறை நகரத்தை அடைந்தபோது, நகர வாக்கின் எடை குறைந்து கொண்டிருந்தது. இதுவே இவ்வரலாற்றில் தமிழர் கருதத்தக்க செய்தி.

எல்லையோடு பெயர்களும் மாறின. பிரிக்ஃபீல்ட்ஸ், செங்கற் சூளைகளால் பெயர் பெற்று, இருப்புப் பாதைத் தொழிலாளரின் குடியிருப்பால் வளர்ந்த பகுதி. அதனை அடுத்த பங்சாரின் பெயரால் ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருந்தது. 1959இல் தொழிற்சங்கத் தலைவர் வீ. டேவிட் அங்கு வென்றார். 1964இல் மற்றொரு தொழிற்சங்கத் தலைவரான தேவன் நாயர் வென்றார். 1974ஆம் ஆண்டுச் சீரமைப்பில் பங்சார் என்னும் பெயர் தொகுதிப் பட்டியலிலிருந்து மறைந்தது. 1959 முதல் கிள்ளான் தொகுதியின் உறுப்பினராயிருந்த வி. மாணிக்கவாசகம், 1974 முதல் பிலாபுவான் கிள்ளான் தொகுதியின் உறுப்பினரானார்.

அவ்வாண்டு வந்த மாற்றம் பெயரளவில் நிற்கவில்லை. 1974 பிப்ரவரி 1ஆம் நாள் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிக்கப்பட்டுக் கூட்டரசுப் பிரதேசமாயிற்று. சிலாங்கூரின் 14 நாடாளுமன்றத் தொகுதிகள் 11 ஆகக் குறைய, கோலாலம்பூருக்கு 5 தொகுதிகள் அமைந்தன. பிரிக்ஃபீல்ட்ஸில் வாழ்ந்தோர் அன்று முதல் மாநிலச் சட்டமன்றத்திற்கு வாக்களிக்கும் உரிமையை இழந்தனர். நகராண்மைத் தேர்தல் கோலாலம்பூரில் அதற்கு முன்னரே நின்றுவிட்டது. ஆகவே கிள்ளான்வாசி இரண்டு வாக்குச் சீட்டுகளைப் பெறும் பொதுத் தேர்தலிலும் பிரிக்ஃபீல்ட்ஸ்வாசிக்குக் கிடைப்பது ஒன்றேயாம். இருவர்க்கும் இடையே சில கல் தொலைவே உண்டு; ஒரு கோடு அவர்தம் உரிமையை வேறாக்கிற்று.

இந்நாட்டின் 222 நாடாளுமன்றத் தொகுதிகளுள் இந்தியர் பெரும்பான்மையாய் அமைந்தது ஒன்றுமில்லை. கோத்தா ராஜாவில்தான் அவர் விகிதம் மிகுதி. அங்கும் அவர் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே. சிதறி வாழும் சிறுபான்மையினர்க்கு எல்லைக்கோடு இருமடங்கு முக்கியமானது. ஒரு குடியிருப்பை நடுவே பிளந்தால் இரு தொகுதிகளிலும் அவர் குரல் தேய்கிறது. சேர்த்து வைத்தால் ஒரு தொகுதியிலேனும் வேட்பாளர் அவர் வாயிலைத் தட்டுகிறார்.

இலங்கை மலையகத் தமிழரின் கதை இதற்கு ஒளியூட்டும். 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் எழுவரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பிற்று. 1948, 1949 ஆண்டுகளின் சட்டங்கள் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. 1952இல் அக்காங்கிரஸின் சார்பில் ஒருவரும் செல்ல இயலவில்லை. கால் நூற்றாண்டுக்குப் பின் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியாக வரையப்பட்டது. 1977இல் சௌ. தொண்டமான் மூன்றாவது உறுப்பினராகத் தேர்வு பெற்றார். அம்மக்கள் அதே தேயிலை மலையில்தான் வாழ்ந்தனர். பட்டியலும் கோடும் மாறியபோது அவர் குரல் அடங்கியது. அவை மீண்டும் மாறியபோது எழுந்தது.

நீதிமன்றத்தின் வாயிலில்

கோடு தவறாயின் தட்டிக் கேட்பவர் யார் என்னும் வினா இனி எழுகிறது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் நீதிபதிகளே மக்கள் வாக்கால் தேர்வு பெறுகின்றனர். லூசியானா மாநில உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஏழு வட்டாரங்களிலிருந்து வருவோர். கறுப்பின மக்களின் வாக்கு வலுவிழக்கும் வண்ணம் வட்டாரம் வரையப்பட்டதாக எழுந்த வழக்கில், வாக்குரிமைச் சட்டம் நீதிபதித் தேர்தலுக்கும் பொருந்தும் என 1991இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1997இல் வரையப்பட்ட வட்டாரங்கள் மக்கள்தொகை மாறியும் கால் நூற்றாண்டுக்கு மேல் மாறாதிருந்து, 2024ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாற்றம் பெற்றன. நீதி வழங்கும் மன்றமே கோட்டின் நேர்மைக்குக் கட்டுப்பட்டு நின்ற கதை அது.

மலேசியாவில் நீதிபதிகள் தேர்தலில் நிற்பதில்லை. பிரதமரின் ஆலோசனையின்படி, ஆட்சியாளர் மாநாட்டைக் கலந்த பின்னர், மாமன்னர் அவர்களை நியமிக்கிறார். வாக்கை நாடாத நீதிபதி எல்லைத் தகராற்றில் நடுநிலையாளராக விளங்க வாய்ப்புண்டு. ஆனால் அத்தகராறு அவர் முன் முழுமையாக வர இயலுமா என்பதே வழக்காயிற்று.

2016 செப்டம்பரில் தேர்தல் ஆணையம் தீபகற்பத்தின் புதிய எல்லை வரைவை வெளியிட்டது. சிலாங்கூர் மாநில அரசு அதனை எதிர்த்துக் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தை நாடிற்று. 1 இலட்சத்து 36 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்காளரின் முகவரி முழுமையாக இல்லாத பட்டியலைக் கொண்டு எல்லை வகுக்கப்பட்டது என்பது அதன் முறையீடுகளுள் ஒன்று. 2017 டிசம்பர் 7ஆம் நாள் வழக்குத் தள்ளுபடியாயிற்று. இத்தகைய வழக்குகளில் நீதிமன்றங்கள் கொண்ட பார்வை எளிதில் விளங்கத்தக்கது: ஆணையம் செய்வது பரிந்துரை, முடிவெடுப்பது நாடாளுமன்றம், பரிந்துரை தானாக எவரையும் கட்டுப்படுத்தாது, ஆகவே நீதிமன்றம் குறுக்கிடும் இடம் மிகக் குறுகியது.

2018 மார்ச் 28ஆம் நாள் மக்களவையில் அவ்வரைவு 129க்கு 80 என்னும் வாக்கு வேறுபாட்டில் நிறைவேறியது. தொகுதிகளின் எண்ணிக்கையை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை வேண்டும். எல்லையை மட்டும் மாற்ற மொத்த உறுப்பினரில் பாதிப் பேரின் ஆதரவே போதும். ஆகவே 222 என்னும் எண் மாறாமல் கோடுகள் மட்டும் மாறின. 2013இல் சுமார் 85 ஆயிரம் வாக்காளரைக் கொண்டிருந்த பெட்டாலிங் ஜெயா உத்தாரா, டாமான்சாரா என்று பெயர் மாறி 150,439 வாக்காளரைக் கொண்டதாயிற்று. அவ்வரைவிலேயே சபாக் பெர்ணத்தின் தொகை 37,126. கிள்ளானின் ஸ்ரீ அண்டாலாஸ் சட்டமன்றத் தொகுதியும் செந்தோசா என்று பெயர் மாறிற்று.

அவ்வாண்டு மே 9ஆம் நாள் தேர்தலில், அவ்வெல்லையை நிறைவேற்றிய அரசே தோல்வியுற்றது. கோடு வலிமையுடையதாயினும் மக்களின் மனத்தை முழுவதும் அடைக்கும் வேலி அதற்கு இல்லை என்பதை அது காட்டிற்று. எனினும் ஆட்சி மாறியதால் எடை சமமாகிவிடவில்லை. வாக்களிக்கும் வயதை 18 ஆக்கியும் தானியங்கிப் பதிவை ஏற்படுத்தியும் 2019இல் நிறைவேறிய திருத்தம் 2021 டிசம்பரில் செயலுக்கு வந்தது. 2018இல் 1 கோடியே 49 இலட்சமாயிருந்த வாக்காளர் தொகை 2022இல் 2 கோடியே 11 இலட்சமாயிற்று. எல்லைகளோ பழையனவே. சிலாங்கூரின் பாங்கி 303,430 வாக்காளருடன் நாட்டின் மிகப் பெரிய தொகுதியாக, சரவாக்கின் ஈகான் 28,290 வாக்காளருடன் மிகச் சிறிய தொகுதியாக நின்றது. ஈகானும் சரவாக்கின் உட்பகுதியும் தொலைவில் உள்ளவை என்று அமைதி கூறலாம். ஒரே மாநிலத்தில், ஒரே சாலைத் தொடர்பில் உள்ள பாங்கிக்கும் சபாக் பெர்ணத்திற்கும் இடையே ஏறத்தாழ ஆறு மடங்கு வேறுபாடு இருத்தற்கு அவ்வமைதி பொருந்துமா?

நூறு பெயர்கள்

சட்டம் குடிமக்களின் வாயை முற்றிலும் மூடிவிடவில்லை. அரசியலமைப்பின் 13ஆவது அட்டவணை நான்கு நெறிகளைக் கூறுகிறது. வாக்களிக்கச் செல்லும் வசதி, நிருவாக வசதி, ஒரு மாநிலத்துள் தொகுதிகளின் வாக்காளர் தொகை ஏறத்தாழச் சமமாயிருத்தல், வட்டார மக்களிடையே நிலவும் பிணைப்பைக் காத்தல் என்பன அவை. வரைவு வெளியானதும் அது ஒரு மாத காலம் பார்வைக்கு வைக்கப்படுகிறது. மாநில அரசும் ஊராட்சி மன்றமும் மறுப்புத் தெரிவிக்கலாம். இவையன்றி, பட்டியலில் பெயருள்ள 100 வாக்காளர் ஒன்றுகூடி மறுப்புத் தெரிவித்தாலும் ஆணையம் அவ்வூரில் விசாரணை நடத்தியே ஆக வேண்டும்.

நூறு பெயர் என்பது கிள்ளானில் அரிதான தொகையன்று. ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் அத்துணைப் பேர் அமர்ந்திருப்பர். ஒரு கோவில் திருவிழாவில் அதினும் பன்மடங்கினர் திரள்வர். அரியது எதுவெனின், அந்த ஒரு மாதத்துள் வரைபடத்தைக் கண்டு, தம் தெரு எப்பக்கம் விழுந்தது என்று அறிந்து, காரணத்தோடு எழுதும் பயிற்சியே. எங்கள் குடியிருப்பைப் பிளக்காதீர் என்று வாளா கூறுதல் போதாது. ஒரே தோட்டத்திலிருந்து வந்தோர், ஒரே பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புவோர், ஒரே சந்தையில் கொள்வோர் என்று பிணைப்பை எடுத்துக்காட்டி, தொகையையும் சேர்த்து எழுதினால்தான் மறுப்பு வலுப்பெறும். தோட்டங்களின் வரலாற்றைத் தொகுத்து வைத்திருப்போர் அன்று பயன்படுவர்.

ஒரு சீராய்வு முடிந்து எட்டாண்டுகள் கடந்த பின்னரே அடுத்தது தொடங்க இயலும் என்பது விதி. தீபகற்பத்தின் சீராய்வு 2018 மார்ச்சில் முடிந்தமையால், 2026 மார்ச்சுக்குப் பின்னரே அடுத்த வரைவுக்கு வழியுண்டு. அவ்வரைவு எந்நாளில் வெளியாயினும், அந்நாளிலிருந்து ஒரு மாதமே அவகாசம்.

மாணவர்க்கு நிலவியல் பாடத்தில் ஆறும் மலையும் குறிக்கக் கற்பிக்கிறோம். அதே வரைபடத்தில் தம் பள்ளி எத்தொகுதியில் உள்ளது, அதன் எல்லை எத்தெருவழியே செல்கிறது, அண்டைத் தொகுதியின் வாக்காளர் எத்துணையர் என்று குறிக்கவும் கற்பிக்கலாம். 1955இல் பட்டியலில் பெயரின்றி நின்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகள் பதினெட்டு வயதில் தாமாகவே பட்டியலில் ஏறுகின்றனர். பெற்ற வாக்கு எத்துணை எடையுடையது என்பதை அறிந்து அவர் அவ்வகுப்பறைக்கு வாக்காளராக மீள்வாராயின், அப்பாடம் வீண்போகாது.